நீலக் குதிரை

1950இல் கடிகாரத்துக்கு அலங்காரமாக பிரேயர் நிறுவனம் வார்த்த பிளாஸ்டிக் குதிரையிலிருந்து தொடங்கியது அமெரிக்கப் பெண்களின் இந்தச் சேகரிப்பு. வாங்கியதை அப்படியே வைக்காதவர்களும் உண்டு. காலைச் சூடாக்கி வளைக்கிறார்கள். கழுத்தை அறுத்துத் திருப்புகிறார்கள். எபாக்சி பிசைந்து தசை ஏற்றுகிறார்கள். பாஸ்டல் தூளை அடுக்கடுக்காகத் தேய்க்கிறார்கள். சாம்பல் குதிரை வயதாக ஆக வெளுக்கும் என்று அறியாத கை அதைத் தீட்ட முடியாது. ஆண் செய்யும் மாதிரி ரயில் கலை. இது மட்டும் எந்த வயதிலும் 'சிறுமி விளையாட்டு'.

என் மனத்தாங்கல் வேறு. போட்டி மேசையில் அசலை அச்சாக உரித்து வைத்த குதிரைக்கே பெருமதிப்பு. 1960களில் வீட்டு அலங்காரத்துக்கென்று பிரேயர் விற்ற நீலக் குதிரை விலைபோகவில்லை; இன்று அதற்குத்தான் அலைகிறார்கள். தன் கையால் நீலம் தீட்டுகிறவளுக்கோ 'கற்பனை' என்று தனி வரிசை. அந்த நீலத்துக்கு அடியிலும் எலும்பு சரியாகத்தான் இருக்கிறது.