பிரசங்கமும் நூற்கருத்தும்

யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராண படனம் நிகழுங்கால், ஒருவர் செய்யுளை இசையுடன் வாசிப்ப, மற்றொருவர் பயன் சொல்லுவர். பயன் சொல்வார் பொருளை விட்டு நெடிது விலகுதல் இயலாது. அடுத்த செய்யுள் அவரை மீட்கும். பார்சிவல் பாதிரியாரது விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்று கிறித்தவர்தம் போதனை முறையை அறிந்த ஆறுமுக நாவலர், 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆந் தேதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கந் தொடங்கினார். நூற்பொருளைக் கேட்போர் ஒழுக்கத்தோடு பொருத்துதல் அம்முறையாற் பெற்ற பெரும்பயன்.

ஆயின், செய்யுளின் கட்டு நீங்கவே, நூலைத் தொட்டுவிட்டுத் தங்கருத்தை விரிப்பார்க்கும் இடம் உண்டாயிற்று. கண்ணப்பர் வரலாற்றை எடுத்து, அன்பொன்றே அமையும், ஆகமவிதி வேண்டா என முடிப்பார் உளர். இது சேக்கிழார் கருத்தாமோ? அவர் சிவகோசரியாரை இகழ்ந்தாரல்லர். இறைவன் கனவிற் றோன்றித் திண்ணனார் அன்பை உணர்த்தியது அவ்விதிவழி நின்ற அருச்சகர்க்கே யன்றோ? அப்பகுதியை மறைத்துக் கூறும் அறிவுரை எத்துணை இனிதாயினும் நூலுரை யாகாது.

சிவஞானபோதத்துள் மேற்கோளை ஏதுவும் எடுத்துக்காட்டுந் தொடர்தல் காண்க. பிரசங்கஞ் செய்வாரும் தாங் கூறும் ஒவ்வொன்றற்கும் எடுத்த நூலினின்றே ஏதுக் காட்டக் கடவர். காட்டலாகாததனைத் தங்கருத்தென்றே வெளிப்படக் கூறுதல் நேர்மையாம்.