மூன்று கிறிஸ்துகளும் நான்காம் மருட்சியும்

தன்னைக் கடவுளென்றோ பேரரசனென்றோ ஐயமின்றி நம்புவதே உயர்வு மருட்சி. அதனை முரணைக் காட்டிக் கலைக்க இயலுமா என்பதை 1959இல் சோதிக்கத் தொடங்கினார் அமெரிக்கச் சமூக உளவியலாளர் மில்டன் ரோக்கீச். மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி அரசு மனநல மருத்துவமனையில், தம்மைக் கிறிஸ்துவென நம்பிய மூவரை ஒருங்கே வைத்து ஈராண்டுகள் ஆய்ந்தார். அதன் பதிவே 1964இல் வெளிவந்த ‘இப்சிலாண்டியின் மூன்று கிறிஸ்துகள்’.

கிறிஸ்து ஒருவரே என்னும் முரண் அவர்களை அசைக்கவில்லை. மற்ற இருவரும் மனநோயாளிகள் என்றார் ஒருவர். அவர்கள் இறந்தவர்கள், உள்ளிருக்கும் எந்திரமே பேசுகிறது என்றார் மற்றொருவர். நூலில் லியோன் எனப்படும் இளையவரோ, ஒரு கட்டத்தில் சாணத்தைக் குறிக்கும் சொல்லொன்றைத் தம் பெயராக ஏற்றார். இதனை மருட்சியின் தளர்வு எனக் கொள்ள இயலாது. எவரும் போட்டியிட விரும்பாத பெயருக்குள் அவர் தம்மைக் காத்துக்கொண்டார் எனலாம். ஆகவே, மருட்சி காப்பது பெருமையை மட்டுமன்று. பிறர் பறிக்கவியலாத ‘தான்’ ஒன்றையும் ஆகும்.

இதனைக் கண்டுணர்ந்த நூலே அதனை மீறவும் செய்கிறது. லியோனின் கற்பனை மனைவியின் பெயரால் ரோக்கீச் அவருக்குக் கடிதங்கள் அனுப்பினார். நோயாளியின் நம்பிக்கை இங்கு ஆய்வுக் கருவியாகிறது. இவ்வஞ்சனை முறையியலாக விவரிக்கப்படுகிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய பின்னுரையில், அம்மூவரின் வாழ்வில் அவ்வாறு தலையிடத் தமக்கு உரிமையில்லை என்றும், அவர்களை மாற்றவல்ல கடவுளாகத் தம்மை எண்ணிய மருட்சி தமக்கும் இருந்தது என்றும் அவர் ஒப்புக்கொண்டார். மருட்சியை ஆய்வோர் முதலில் படிக்க வேண்டிய பகுதி அப்பின்னுரையே.