பழைய பாக்கி

ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் என் அக்கா மகள், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். இலையில் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் ஏழு தடவை செல்போன் அடித்தது. ஏழாவது தடவை இடது கையால் போனைத் தூக்கிப் பிடித்து எங்கள் ஹாலை, டி.வி-யை, ரசம் ஊற்றிக் கொண்டிருந்த என் மனைவியை, கடைசியில் என்னை, யாருக்கோ சுற்றிக் காட்டினாள். நானும் ஒரு மரியாதைக்குக் கையை ஆட்டிவைத்தேன்.

‘‘யாரும்மா?’’

‘‘ஃப்ரெண்டுதான் மாமா. நான் நிஜமாவே இங்கதான் இருக்கேனான்னு பார்க்கிறான்.’’

‘‘காட்டலைன்னா?’’

‘‘அழுவான்’’ என்றாள். அப்புறம் சாதத்தைப் பிசைந்தபடி, ‘‘பாவம் மாமா. அவனோட அஞ்சு வயசுல அவங்கம்மா விட்டுட்டுப் போயிட்டாங்க. நானும் அப்படிப் போயிடுவேனோன்னு பயம். அதான்.’’

அவள் கைப்பையிலிருந்து ஒரு நாவல் எட்டிப் பார்த்தது. கொலீன் ஹூவர் எழுதிய ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’. பாதிக்குமேல் படித்து முனை மடித்திருந்தாள். ‘‘கதை எப்படி?’’ என்றேன். ‘‘சூப்பர் மாமா. ஆனா அந்த ஹீரோ பாவம்’’ என்றாள்.

ஒரே சாப்பாட்டில் இரண்டு பாவம். எனக்கு ரசம் இறங்கவில்லை.

உங்களை ஒன்று கேட்கிறேன். காதல் கதைகளில் ஒருத்தன் காதலியை மிரட்டுவான், பொய் சொல்லி மடக்குவான், அழுதே காரியம் சாதிப்பான். நமக்கும் கோபம் வரும். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு பிளாஷ்பேக் வரும். சின்ன வயதில் பட்டினி, அடி, அநாதை. உடனே நாம் கரைந்துவிடுவோம். 2003-ல் ‘காதல் கொண்டேன்’ பார்த்துவிட்டு நானும் கரைந்தேன். கொத்தடிமைச் சிறுவனாகச் சித்ரவதைப்பட்ட வினோதுக்காகத் தியேட்டரே உச்சுக்கொட்டியது. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணைப் பொய் சொல்லிக் காட்டுக்குக் கூட்டிப் போனானே, அவளுக்காக ஒருத்தரும் உச்சுக்கொட்டவில்லையே?

இந்த வகைக் காதலர்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா ஒருத்தர் இருக்கிறார். ஹீத்கிளிஃப். 1847-ல் எமிலி பிராண்ட்டி, எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலின் நாயகன். அவள் எழுதிய ஒரே நாவல் அது. அடுத்த வருடமே, 30 வயதில் இறந்துபோனாள்.

கதை இதுதான். லிவர்பூல் தெருவில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பையனை எர்ன்ஷா என்ற பெரியவர் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கிறார். அவர் போனதும் மகன் ஹிண்ட்லி அந்தப் பையனை வேலைக்காரனாக்கி, படிப்பை நிறுத்தி, அடித்து நொறுக்குகிறான். பையனுக்கு இருக்கும் ஒரே ஆறுதல் ஹிண்ட்லியின் தங்கை கேத்தரின். அவளும் ‘இவனைக் கட்டினால் எனக்குக் கௌரவக் குறைச்சல்’ என்று சொல்வது காதில் விழுந்து, ஊரைவிட்டே ஓடுகிறான். அதற்கடுத்து, தான் அவனை எவ்வளவு நேசிக்கிறாள் என்று அவள் சொன்னதைக் கேட்க அவன் அங்கே இல்லை. மூன்று வருடம் கழித்துப் பணக்காரனாகத் திரும்பி வந்தால், கேத்தரின் இன்னொருவன் மனைவி.

இதுவரை நாம் முழுக்க அவன் கட்சி. கல் நெஞ்சமும் கரையும்.

இங்கேதான் இஸபெல்லா வருகிறாள். கேத்தரின் புருஷனின் தங்கை. 18 வயது. அவளைக் காதலிப்பது போலப் பாசாங்கு செய்து கூட்டிக்கொண்டு ஓடுகிறான். ஓடுகிற அன்றைக்கே அவள் ஆசையாக வளர்த்த நாய்க்குட்டியைத் தூக்கில் மாட்டுகிறான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எழுதும் கடிதத்தில் கேட்கும் கேள்வி, இவன் மனுஷன்தானா, இல்லை பிசாசா என்பது.

நான் பி.காம். படித்தவன். இலக்கியத்தை எடைபோட என்னிடம் இருக்கும் ஒரே தராசு கணக்குப் பதிவியல்தான். அதில் ஒரு வேடிக்கையான பிழை உண்டு. ராமசாமி தர வேண்டிய கடனைத் தவறுதலாக லட்சுமி பெயரில் பற்று எழுதிவிட்டால், ட்ரையல் பேலன்ஸ் ஒழுங்காக டேலி ஆகிவிடும். ஏட்டைப் பார்த்தால் தப்பே தெரியாது. ஆனால், வசூலுக்கு ஆள் வந்து லட்சுமி வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் அவளுக்கு விஷயம் தெரியும்.

ஹீத்கிளிஃப் செய்தது இதைத்தான். அவனுக்கு வரவேண்டிய பாக்கி நிஜம். ஹிண்ட்லி பட்ட கடன் அது. ஹிண்ட்லியிடம் அவன் வசூலும் செய்துவிட்டான், சூதாடவிட்டு, சொத்தையே அடமானமாகப் பிடித்து. சரி, பழிக்குப் பழி என்று வைத்துக்கொள்வோம். இஸபெல்லா அவனுக்கு என்ன கடன்பட்டிருந்தாள்?

எமிலியின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு ஹீத்கிளிஃபையே பதில் சொல்லவைக்கிறாள். ‘இவளாக என்னை ஒரு காதல் கதை நாயகன் என்று கற்பனை செய்துகொண்டாள், அதற்கு நானா பொறுப்பு?’ என்கிற அர்த்தத்தில் கேலி பேசுகிறான். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘பாவம்’ என்று உருகும் நம்மையும் சேர்த்துத்தான் அந்தக் கேலி.

இஸபெல்லா அவனைத் திருத்தக் காத்திருக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு தப்பி ஓடுகிறாள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது சாதாரண விஷயமில்லை. கல்யாணமான பெண்ணுக்குச் சொத்தில் உரிமை முழுசாகக் கிடைத்தது 1882 சட்டத்தில்தான். பிள்ளை மீதும் தகப்பனுக்கே உரிமை. அவள் இறந்ததும் ஹீத்கிளிஃப் அந்தப் பிள்ளையைக் கேட்டு வாங்கி, அவனுக்குக் கேத்தரினின் மகளைக் கட்டாயக் கல்யாணம் செய்துவைத்து, அந்த வீட்டுச் சொத்தையும் சேர்த்து அமுக்குகிறான்.

‘அவ்வளவு பட்டவன் வேறெப்படி இருப்பான்?’ என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் பதில் உள்ளேயே இருக்கிறது. ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டன். தனக்கு ஹிண்ட்லி செய்ததை அப்படியே அவனுக்குத் திருப்பிச் செய்கிறான் ஹீத்கிளிஃப். எழுத்தறிவு இல்லை, மரியாதை இல்லை, சொந்த வீட்டிலேயே வேலைக்காரன். இந்தப் பையனும் சின்ன வயதில் நாய்க்குட்டிகளைத் தூக்கில் மாட்டியவன்தான். ஆனால் வளர்ந்தபின் மாறுகிறான். தன்னைக் கேலி செய்த பெண்ணிடமே எழுத்துக் கற்றுக்கொள்கிறான். தன்னைச் சீரழித்த ஹீத்கிளிஃப் செத்தபோது மனதார அழுததும் அவன் ஒருத்தன்தான். அதே காயம். அதே வீடு. கணக்கை மட்டும் அடுத்தவர் தலையில் எழுதவில்லை.

1939-ல் வில்லியம் வைலர் இதைப் படமாக எடுத்தபோது, கேத்தரின், ஹீத்கிளிஃப் தலைமுறையோடு கதையை முடித்துவிட்டார். அடுத்த தலைமுறை மொத்தமும் அவுட். ஹேர்ட்டனை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது லாரன்ஸ் ஒலிவியரின் சோகக் கண்கள்தானே? உலகம் மயங்கியது. அந்த மயக்கம் இன்னும் தெளியவில்லை. ‘ட்வைலைட்’ வரிசையில் 2007-ல் வந்த ‘எக்லிப்ஸ்’ நாவலின் நாயகிக்குப் பிடித்த புத்தகம் ‘வுதரிங் ஹைட்ஸ்’. அதைச் சொல்லியே 2009-ல் ஒரு புதுப் பதிப்பும் அட்டை போட்டு விற்றார்கள். ‘ட்வைலைட்’டின் ரசிகக் கதையாகப் பிறந்து 2011-ல் புத்தகமானது ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’. நாயகன், நான்கு வயதில் அம்மாவின் பிணத்தோடு தனியாகக் கிடந்தவன். உடம்பில் சிகரெட் சுட்ட தழும்புகள். படிக்கவே கஷ்டமாக இருக்கும். அவன் பிற்பாடு காதலியின் செல்போன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் பின்னால் வருகிறான், அவள் வேலை பார்க்கும் கம்பெனியையே விலைக்கு வாங்குகிறான். இதெல்லாம் காதல் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. கடைசியில் கல்யாணம், குழந்தைகள், சுபம். பொறுத்துப் போனால் புருஷன் குணமாவான் என்று நம் பாட்டிமார்கள் சொன்னதுதான், ஹெலிகாப்டர் ஏறி வந்திருக்கிறது.

இது வெறும் கற்பனைதானே, ரசித்துவிட்டுப் போகலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கடந்த காலம் இல்லாத வில்லன் அட்டைப் பொம்மை என்பதும் வாஸ்தவம். ஒருவன் ஏன் இப்படி ஆனான் என்று சொல்வது எழுத்தாளரின் வேலை. அதனாலேயே அவனை மன்னிக்கச் சொன்னால்தான் உதைக்கிறது. மன்னிக்கும் உரிமை அடிபட்டவளுக்கு. எழுதுகிறவருக்கும் இல்லை, படிக்கிற நமக்கும் இல்லை.

ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு நாவல் படித்தால், அந்தச் சோகக் கதை எப்போது சொல்லப்படுகிறது என்று பாருங்கள். எமிலி, ஹீத்கிளிஃபின் துயரத்தை முதலிலேயே கொட்டிவிடுகிறாள். தப்பு செய்யும்போது அவனுக்கு ஜாமீன் மனு எதுவும் போடுவதில்லை. மற்ற கதைகளில் பாருங்கள், தப்பு செய்த சூட்டோடு சூடாகக் கண்ணீர்க் கதை வரும். நெருங்கிய ஒருத்தியிடம் மனதைத் திறப்பது வேறு. மாட்டிக்கொண்ட நேரத்தில் பழைய காயத்தை ரசீது மாதிரி எடுத்து நீட்டுவது வேறு.

அக்கா மகளின் நாவலை நானும் வாங்கிப் படித்தேன். 2016-ல் வந்தது. (முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்க உத்தேசம் உள்ளவர்கள் மன்னிக்க.) நாயகன் ரைல், மூளை அறுவை சிகிச்சை டாக்டர். மனைவி லில்லியை மாடிப்படியில் தள்ளிவிடுகிறான். அதற்கு அப்புறம்தான் சொல்கிறான், ஆறு வயதில் விளையாட்டாகத் துப்பாக்கியைத் தொட்டு, சொந்த அண்ணனே தன் கையால் செத்துப்போன கதையை. லில்லி உருகி மன்னிக்கிறாள். நானும் மன்னித்தேன். அக்கா மகள் மடித்துவைத்திருந்தது அந்த இடமாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அவன் மறுபடி அடிக்கிறான். முன்னைவிட மோசமாக.

ஹூவர் நமக்கு வைத்த பொறி அது. தன் அம்மாவின் வாழ்க்கையிலிருந்து எழுதியதாக அவரே புத்தகத்தில் சொல்கிறார். கடைசியில், பிறந்த பெண் குழந்தையை ரைல் கையில் கொடுத்துவிட்டு லில்லி கேட்கிறாள்: நாளைக்கு இவள் உன்னிடம் வந்து, ‘என்னை அடிக்கிறான்’ என்று சொன்னால் என்ன சொல்வாய்? அவனால் வேறு பதில் சொல்ல முடியவில்லை. விட்டுவிட்டு வா என்றுதான் சொல்வேன் என்கிறான். அவள் விட்டுவிட்டுப் போகிறாள். அவன் பட்டது பொய்யென்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேற்று அக்கா மகளுக்குப் போன் போட்டேன். உபதேசம் எதுவும் செய்யவில்லை. ‘‘அந்தப் புத்தகத்தை முடிச்சிட்டியாம்மா?’’ என்று மட்டும் கேட்டேன்.

‘‘எங்க மாமா... ராத்திரி பூரா வீடியோ கால்லயே இருக்கச் சொல்றான். படிக்கவே முடியலை.’’

‘‘முடிச்சிடும்மா’’ என்றேன்.