ரூபாய் சரிந்தால் சம்பளம் உயர்ந்ததாகுமா?

வளைகுடா நாட்டுப் பள்ளிகளில் ஊதிய உயர்வு கேட்கும் இந்திய ஆசிரியர்களிடம் சொல்லப்படும் ஒரு பதில் உண்டு: "ரூபாய்தான் இறங்கிவிட்டதே, ஊருக்கு அனுப்பும்போது உங்களுக்குக் கூடக் கிடைக்கிறதே!" ஆசிரியர்களிலேயே பலர் இதை நம்புகிறார்கள். நம்பத் தகுந்ததா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்ற விகிதம் மாறவே இல்லை. சவூதி ரியாலும் 1986 முதல் 3.75இல் நிற்கிறது. அதனால் டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கினால், திர்ஹமுக்கு எதிராகவும் அதே அளவு இறங்கும். 2011 தொடக்கத்தில் டாலர் சுமார் 45 ரூபாய். திர்ஹம் 12 ரூபாய்க்குச் சற்று மேல். 2024 நடுவில் டாலர் 83 ரூபாய்க்கு மேல் இருந்தது. திர்ஹம் 22 ரூபாய் 70 காசு ஆனது. 4,000 திர்ஹம் வாங்கிய ஓர் ஆசிரியருக்கு இந்த 13 ஆண்டுகளில் ஒரு திர்ஹம்கூட ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அன்று அவர் அனுப்பக்கூடிய தொகை 49,000 ரூபாய், பின்னர் ஏறக்குறைய 91,000. பார்வைக்கு இது பெரிய உயர்வுதான். ஆனால் அதே காலத்தில் இந்தியாவில் விலைவாசி இரு மடங்காகிவிட்டது. 49,000 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க 2024இல் 98,000 தேவைப்பட்டது. அவருடைய சம்பளம் உயரவில்லை, குறைந்திருக்கிறது.

இது ஊருக்கு அனுப்பும் பணத்தின் கதை மட்டுமே. வாடகை, பிள்ளைகளின் படிப்பு, மளிகை எல்லாம் திர்ஹமில் போகின்றன. ரூபாயின் சரிவு அங்கே எதற்கும் உதவாது. பணி முடிந்து வெளியேறும்போது தரும் பணிக்கொடையும் கடைசி அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. அடிப்படைச் சம்பளம் நின்ற இடத்தில் நின்றால் அதுவும் வளராது. துபாயில் பள்ளிக் கட்டணத்தை உயர்த்த ஆண்டுதோறும் செலவுக் குறியீடு வெளியாகிறது. 2024-25க்கு அது 2.6 சதவீதம். கட்டணத்துக்கு விலைவாசிக் கணக்கு பார்க்கும் பள்ளி, ஆசிரியருக்கு மட்டும் நாணய மாற்றுக் கணக்கைக் காட்டுவது நேர்மையல்ல.

அந்த வாதத்தில் துளியும் உண்மையில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஊரில் ரூபாயில் வீட்டுக்கடன் வைத்திருப்பவருக்கு லாபம் உண்மையானது. ரூபாய் சரிவதால் தவணை மாறாது, அதை அடைக்கக் குறைந்த திர்ஹம் போதும். ஆனால் காற்று எதிர்த்திசையிலும் வீசும். 2007இல் டாலர் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியது, திர்ஹம் 11 ரூபாய்க்குக் கீழே போனது. அந்த ஆண்டு துபாயில் கட்டுமானத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு அனுப்பும் பணம் சுருங்கியதும் ஒரு காரணம். ரூபாய் இறங்குவது சம்பள உயர்வு என்றால், ஏறும்போது நிர்வாகம் ஈடுகட்ட வேண்டும். எந்த ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறது?

நிலையான நாணயத்தின் அருமை கெய்ரோவைப் பார்த்தால் தெரியும். 2022 பிப்ரவரியில் டாலருக்கு 15.7 எகிப்திய பவுண்ட். 2024 மார்ச்சில் அது 50ஐ நெருங்கியது. 40,000 பவுண்ட் சம்பளம் 2,500 டாலரிலிருந்து ஏறக்குறைய 800 டாலராகிவிட்டது. வெளிநாட்டு ஆசிரியர்களில் டாலரில் ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள் தப்பினார்கள். பவுண்டில் வாங்கிய உள்ளூர் ஆசிரியர்கள், அதே வகுப்புகளை எடுத்தும், விலையேற்றத்தின் முழு அடியையும் தாங்கினார்கள். அந்த வகையில் வளைகுடா ஆசிரியருக்கு டாலரோடு கட்டிய நாணயம் பெரிய பாதுகாப்பு.

பாதுகாப்பு வேறு, உயர்வு வேறு. நிலையான நாணயம் சம்பளத்தைச் சரியாமல் காக்கும். அதை வளர்க்க வேண்டியது பள்ளியின் கடமை. ரூபாயைக் காட்டி உயர்வை மறுக்கும் வாதம் கணக்கில் நிற்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எந்த நாணயத்தில் சம்பளம், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஆண்டு உயர்வு எதை வைத்து என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.