வெஞ்சனம் என்றொரு சொல்

கி.ரா. என்கிற எழுத்தாளர் கி. ராஜநாராயணனை வாசிக்கும்போது கதை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். நான் ஏதாவதொரு சொல்லில் நின்றுவிடுவேன். 'வெஞ்சனம்' அப்படி நிறுத்திய சொல். கஞ்சிக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு வெங்காயமோ, சுட்ட வத்தலோதான். அதற்கு எவ்வளவு கம்பீரமான பெயர்! எங்கள் புதுச்சேரி வீட்டில் 'தொட்டுக்க என்ன?' என்பதோடு சரி. ரோமன் ரோலன் நூலகத்தில் கி.ரா.வின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைப் புரட்டிய மத்தியானங்களில், நான் கண்ணால் பார்த்திராத கோவில்பட்டிச் சீமையின் பசியும் ருசியும் பழகிப்போயின.

பாத்திரம் வாய் திறந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு, மற்றதெல்லாம் புத்தகத் தமிழ் என்று வரப்பு கட்டிக்கொண்டவர்கள் பலர். கி.ரா. அந்த வரப்பை வெட்டிவிட்டார். அவரிடம் கதைசொல்லியே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறான். வெளியூர்க்காரனுக்கு இது புரியாது என்று என் தமிழாசிரிய நண்பர் இன்றும் வாதாடுகிறார். ஜூனியர் விகடனில் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தபோது எங்கள் தெரு டீக்கடையில் கைமாறிக் கைமாறிப் படித்தவர்கள் யாரும் அகராதி கேட்கவில்லையே!

வீட்டில் தெலுங்கு பேசியவர்தான் கரிசல் தமிழுக்கு முகவரியானார். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

இன்று வட்டார வழக்குக்கு நல்ல விலை. சீரியலில் வாக்கியக் கடைசியில் 'லே' ஒட்டினால் நெல்லை, 'ங்க' ஒட்டினால் கோவை. மசாலாப் பொட்டல விளம்பரத்திலும் இதே சங்கதி. எனக்கு வயிறெரிகிறது. கி.ரா.வின் வழக்கு வாலில் இல்லை. பருத்திமார், கடகப்பெட்டி, கும்பா என்று கையில் தட்டுப்படும் பொருள்களின் பெயரில் இருக்கிறது. அந்தப் பொருளோடு புழங்காத வாயில் 'லே' வெறும் சத்தம்.

2021 மே 17-இல் மறையும்வரை எங்களூரில்தான் இருந்தார். எங்கள் பக்கத்துக் கதைகளையும் சேகரித்து 'புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைக'ளாகத் தந்தார். அதற்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. எங்களுக்கும் சொற்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் 'சொல்தா'. கப்புச்சின் சாமியார்களின் கோயில் 'கப்ஸ் கோவில்'. மிஷன் வீதிப் பேராலயம் என் பாட்டிக்குக் கடைசிவரை 'சம்பா கோவில்'தான். சேன் பால் என்ற பெயரைத் தன் நாக்குக்கு வாகாக இழைத்துக்கொண்ட ஊர் இது.

போன வாரம் ஆட்டோவில் ஏறி, "சம்பா கோவில் போப்பா" என்றேன். பையன் போனை என்னிடம் நீட்டினான்.

"எது சார்? இதுல டைப் பண்ணுங்க."