நம்பிக்கையும் கண்காணிப்பும்

பதுளைத் தோட்டப்புறம் ஈன்ற எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் (1934–2022) 'மீன்கள்' என்ற சிறுகதையில், ஒற்றைக் காம்பராவுக்குள் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் அடைபட்டுக் கிடக்கும் லயத்து அவலத்தை எழுதினார். இடமின்மை தனிமனித ஒழுக்கப் பிரச்சினையன்று, சமுதாயப் பிரச்சினை என்பதை அக்கதை உணர்த்திற்று. அவ்வுண்மையை இன்னும் ஓரடி முன்னெடுத்துச் செல்வது நம் கடமை. லயத்தில் இடமில்லாத குழந்தை எங்கே போகிறது?

தாய் கொழுந்து மலையில். தந்தை கவ்வாத்து மலையிலோ கொழும்புக் கடையிலோ. பிள்ளைக் காம்பரா பள்ளி செல்லும் வயதை எட்டாதோரை மட்டுமே ஏற்கும். எஞ்சியோருக்கு விசாலமான கூரை என்பது பல தோட்டங்களில் கோயிலோ தேவாலயமோதான். ஞாயிறு மறைக்கல்வி, பாடகர் குழு, நத்தார் கரோல், திருவிழா ஒத்திகை ஆகியவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. மேடையில் நின்று பேசும் துணிவை அங்கே பெற்ற பிள்ளைகளை வகுப்பறையில் நாம் அறிவோம். 1972இல் பதுளை மறைமாவட்டம் தோன்றியபோது, கண்டி ஆயர் பதவியை விட்டு இங்கே முதல் ஆயராக வந்த லியோ நாணயக்காரவையும் நாம் மறக்கவில்லை.

ஆயினும் நன்றியுணர்வு கேள்வியை விழுங்கிவிடலாகாது. "சாமியார் இருக்கிறார், பயமில்லை" என்று தாய் கூறும்போது, பிள்ளையை உண்மையில் யார் பார்த்துக்கொள்கிறார் என்ற கேள்வி அங்கேயே அடங்கிவிடுகிறது. பாடப்புத்தகமும் உதவிப்பணமும் தந்த கையைச் சந்தேகிக்க வறியவர் நா எழாது. அந்த மௌனமே ஆபத்து. 2002இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அம்பலமானது யாது? தீயோர் சிலர் இருந்தனர் என்பது மட்டுமன்று. தெரிந்தும் மூடிமறைத்த நிறுவனம் இருந்தது என்பதே. 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ், இத்தகைய குற்றம் பற்றி அறியவந்த குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரியிடம் அறிவித்தே தீரவேண்டும் என விதித்தார். நன்று. ஆனால் உள்விசாரணை நாட்டுச் சட்டத்துக்கு ஈடாகாது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி எண், அறிவித்தற் பலகையில் பூசை நேரத்துக்குப் பக்கத்தில் எழுதப்படட்டும்.

வேண்டுவன பெரிய காரியங்கள் அல்ல. எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு பெரியவருடன் மூடிய அறையில் இருக்கலாகாது. வந்தவர் பெயரும் அழைத்துச் சென்றவர் பெயரும் பதிவேட்டில் ஏறவேண்டும். பனி மூடி இருட்டும் முன் ஒத்திகை முடியவேண்டும். தேயிலைக் காட்டுப் பாதையில் சிறுவர் தனியே திரும்பலாகாது. மேற்பார்வைக் குழுவில் கொழுந்து பறிக்கும் தாய்மார் அமரவேண்டும். இவ்விதிகள் கோயிலுக்கும், தொழிற்சங்க விழாவுக்கும், ஆசிரியராகிய நாம் நடத்தும் மாலை வகுப்புக்குமே பொருந்தும். நம்மை விலக்கிவைத்துப் பேசும் விமர்சனம் நேர்மையானதன்று.

கங்காணி என்ற சொல் 'கண்காணி' என்பதன் திரிபு. ஒரு காலத்தில் அக்கண் துரையின் இலாபத்துக்காகத் தொழிலாளியின் முதுகைப் பார்த்தது. இனி அது தொழிலாளியின் கண்ணாகி, தன் பிள்ளைக்குப் பொறுப்பேற்றவரைப் பார்க்கட்டும். அதனை அவமதிப்பு எனக் கருதுவோர் எவராயினும், அவரிடம் பிள்ளையை விடுமுன் இன்னொரு முறை சிந்திப்போம்.