தையலுக்குள் நடப்பதை ரத்தம் சொல்லுமா?

கொரோனா காலத்தில் சி.ஆர்.பி. என்ற பரிசோதனையின் பெயர் பல வீடுகளுக்குப் பழக்கமாகிவிட்டது. சி-ரியாக்டிவ் புரதம் எனப்படும் அதே வகைப் புரதத்தைக் கருத்தடை செய்யப்பட்ட பெட்டை நாய்களின் ரத்தத்திலும் அளக்கிறார்கள். வயிற்றுக்குள் திசு எவ்வளவு காயப்பட்டது, காயம் ஆறுகிறதா, எங்கேனும் சீழ் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பரிசோதனை. நோக்கம் நல்லது, அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனால், அந்த எண்ணால் பதில் சொல்ல முடியாத கேள்விகளையும் அதனிடமே கேட்பதுதான் சிக்கல்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் 1930இல் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இந்தப் புரதத்தைக் கண்டறிந்தார்கள். எல்லா விலங்கிலும் இது ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பூனையில் இதனால் பெரிய பயனில்லை; மாட்டில் ஹாப்டோகுளோபின் என்ற வேறொரு புரதம்தான் முக்கியம். நாயிலோ சி.ஆர்.பி. முன்னணியில் நிற்கிறது. ஆரோக்கியமான நாயில் லிட்டருக்குப் பொதுவாக 10 மில்லிகிராமுக்குள் இருக்கும் அளவு, திசு காயப்பட்ட சில மணி நேரத்தில் ஏறத் தொடங்குகிறது. இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞை எட்டியதும் கல்லீரல் இதை உற்பத்தி செய்து தள்ளுகிறது. பெரும்பாலும் ஒரு நாளில் உச்சத்தைத் தொட்டு, சிக்கல் ஏதும் இல்லையென்றால் அடுத்தடுத்த நாட்களில் இறங்கிவிடும்.

வெள்ளையணு எண்ணிக்கையைவிட இது நம்பகமானது என்று சொல்ல நல்ல காரணம் உண்டு. பிடித்து வந்து கூண்டில் அடைத்த நாய்க்குப் பயத்திலேயே கார்ட்டிசோல் எகிறும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடந்த நியூட்ரோபில் வகை வெள்ளையணுக்கள் ரத்த ஓட்டத்தில் கலக்கும். கிருமி எதுவும் இல்லாமலே வெள்ளையணு கூடிவிடும். ஹாப்டோகுளோபினும் கார்ட்டிசோல் போன்ற ஸ்டீராய்டுக்கு இப்படி ஏறிவிடக்கூடியது. சி.ஆர்.பி. அவ்வளவு எளிதில் பயத்துக்கு அசைவதில்லை. தெரு நாய்களைக் கையாளும் இடத்தில் இது பெரிய பலம்.

அறுவையின் கடுமையையும் இது ஓரளவு பிரதிபலிக்கிறது. பெட்டை நாயின் சூலகம் சிறுநீரகத்தை ஒட்டி, ஒரு இறுக்கமான தசைநாரில் கட்டுண்டு கிடக்கும். மருத்துவர் விரலால் அந்த நாரைத் தளர்த்தி, சூலகத்தை வெட்டுக்கு வெளியே இழுத்து வந்து ரத்தக்குழாயைக் கட்ட வேண்டும். அந்த இழுப்பின்போது, மயக்கத்தில் கிடக்கும் நாய்க்கும் இதயத்துடிப்பும் மூச்சும் கூடுவதைக் கருவியில் பார்க்கலாம். பழகிய கை சிறிய வெட்டில் நிமிடங்களில் முடிப்பதைப் பழகாத கை பெரிய வெட்டு போட்டு, கிளறி, நேரம் கடத்தி முடிக்கும். திசுச் சேதம் கூடக்கூட மறுநாள் சி.ஆர்.பி.யும் கூட வாய்ப்பு அதிகம்.

இனி குறைகள். முதலாவதும் பெரியதுமான குறை, இந்த எண்ணுக்கு வலி தெரியாது. மெலாக்சிகாம் போன்ற வலிநிவாரணிகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்து நாய்க்கு நிம்மதி தருகின்றன. ஆனால், கல்லீரலுக்குப் போகும் இன்டர்லூகின் செய்தி வேறு வழியில் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். ஆகவே, நன்றாக மருந்து கொடுத்த நாயிலும் சி.ஆர்.பி. உயர்ந்தே நிற்கலாம். அதைப் பார்த்து ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்பது தவறு. அளவு குறைவாக இருக்கிறதே என்று வலி ஊசியை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. அது கொடுமையும்கூட.

வழக்கமான அறுவையையும் லேப்ராஸ்கோப்பி வழி அறுவையையும் ஒப்பிட்டு டெவிட் குழுவினர் 2005இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்க இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வழக்கமான முறையில் அறுவை செய்யப்பட்ட 10 நாய்களில் 9க்குக் கூடுதல் வலி மருந்து தேவைப்பட்டது. லேப்ராஸ்கோப்பிக் குழுவில் ஒன்றுக்கும் தேவைப்படவில்லை. எந்த நாய்க்கு மருந்து வேண்டும் என்பதை முடிவு செய்தது நாயைப் பார்த்துப் போட்ட வலி மதிப்பெண்தான், ரத்தத்தில் வந்த எண் அல்ல.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான வலி அளவுகோலின் குறும்படிவத்தில் மொத்தம் 24 புள்ளிகள். 6 வந்தாலே மருந்து கொடுக்க யோசிக்க வேண்டும். காயத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி மெதுவாக அழுத்தி, நாய் திரும்பிப் பார்க்கிறதா, உறுமுகிறதா, கடிக்க வருகிறதா என்று கவனிப்பது அதில் ஒரு படி. செலவு எதுவும் இல்லை. பொறுமையும், நாயை அறிந்த கையும் வேண்டும்.

இரண்டாவது குறை, ஒற்றை அளவின் பயனின்மை. சினைப்பட்ட பெட்டைக்கு நோய் எதுவும் இல்லாமலே சி.ஆர்.பி. உயரும். உண்ணிக் காய்ச்சல், பழைய கடிக்காயம், கருப்பையில் சீழ் என்று தெரு நாயின் உடம்பில் வேறு காரணங்களுக்கும் பஞ்சமில்லை. அறுவைக்கு முந்தைய அளவு கையில் இல்லாமல், மறுநாள் வந்த பெரிய எண்ணைப் பார்த்து ஆன்டிபயாடிக் ஏற்றுவது குருட்டு வைத்தியம். மறுநாள் அளவு ஏறியே தீரும். கவனிக்க வேண்டியது அது இறங்குகிறதா என்பதைத்தான். கருப்பையில் சீழ் பிடித்து அறுவை செய்யப்பட்ட நாய்களைப் போலந்தின் டப்ரோவ்ஸ்கி குழுவினர் தொடர்ந்து அளந்து 2009இல் வெளியிட்ட ஆய்வின் சாரமும் இதுதான்: மீண்டும் மீண்டும் எடுத்த அளவுகள்தான் அறுவைக்குப் பிந்தைய சிக்கலை முன்கூட்டிக் காட்ட உதவுகின்றன.

கருவியிலும் கவனம் தேவை. மனிதருக்கான பரிசோதனைக் கிட்டிலுள்ள எதிர்ப்புரதம் நாயின் சி.ஆர்.பி.யைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நாய் ரத்தத்தில் சரிபார்க்கப்படாத கிட் தரும் எண், எத்தனை தசமப் புள்ளியோடு வந்தாலும் மதிப்பற்றது.

அப்படியானால், தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து திருப்பி விடும் ஏ.பி.சி. மையங்களில் இதற்கு இடம் உண்டா? நாள்தோறும் பல நாய்களுக்கு அறுவை நடக்கும் இடத்தில், ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு மூன்று முறை ரத்தம் எடுப்பது செலவுக்கும் கட்டுப்படியாகாது, நாய்க்கும் தொல்லை. அதைவிட, அவ்வப்போது குலுக்கல் முறையில் சில நாய்களைத் தேர்ந்து, அறுவைக்கு முன்பும் மறுநாளும் திருப்பி விடுவதற்கு முந்தைய நாளும் அளக்கலாம். வெட்டின் நீளம், அறுவைக்குப் பிடித்த நேரம், கத்தி பிடித்தவர் யார் என்பதையும் கூடவே குறித்து வைத்தால், எந்த மேசையில் திசு அதிகம் சேதமாகிறது, கிருமிநீக்கம் எங்கே கோட்டை விடுகிறது என்பது சில மாதங்களில் புலப்படும். தவறை மையத்திலேயே கண்டுபிடிப்பது அவசியம்; ஏனென்றால், தெருவில் திருப்பி விடப்பட்ட நாய்க்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தால் பார்த்துச் சொல்ல ஆளில்லை. நாயை நோக்கியே நீட்டப்பட்டு வந்த இந்த அளவுகோலை அறுவை செய்பவர் பக்கம் திருப்ப மருத்துவர்கள் தயங்கலாம். பெயர் சுட்டித் தண்டிக்காமல், பயிற்சி எங்கே தேவை என்பதற்கு மட்டும் பயன்படுத்துவோம் என்று மையங்கள் எழுத்தில் உறுதி கொடுத்தால் அந்தத் தயக்கம் குறையும்.